மோட்டார் பெல்ட்டைக் கழற்றிய அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

திண்டுக்கல்
27.12.2019

வணக்கம்.

புதன்கிழமை ராத்திரி எங்கள் அறிவியல் மன்றம் தன் இடத்தை எப்படி இழந்ததென்று இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. மறுநாள் காலை சூரிய கிரகணத்தை ரேடியோவில் கேட்டுக் குறித்துவைப்பதாக இருந்தோம். அதற்கு 10 மணி நேரம்தான் பாக்கி. இடம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, 9 பிள்ளைகள் பையும் கையுமாகத் தெருவில் நின்றார்கள். நேற்று காலை 11.15க்கு அதே 9 பேரும் நோட்டை நிரப்பிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

ராத்திரி 11 மணிக்கு மாடி அறையைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர், தன் பழைய லேப்டாப்பைக் கேள்வி கேட்காமல் தந்த மெடிக்கல் ஷாப் தம்பி, சூரியக் கண்ணாடி கொண்டுவந்த அறிவியல் இயக்கத் தோழர்கள், விடிகாலையில் டீயோடு வந்த பெற்றோர், எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதாததற்கு மன்னியுங்கள். இந்த மடலில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போகப்போகிறது.

அந்த மாடிக்கு நேர் கீழே ஒரு தையல்கடை. அந்த அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததுகூட இல்லை.

நாங்கள் செய்யவந்தது பெரிய காரியமில்லை. ஒரு பாக்கெட் ரேடியோவில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைப் பிடித்துவைத்து, கிரகணம் முழுக்கக் கேட்பது. பகலில் அது திண்டுக்கல்லுக்கு இரைச்சலுக்குள் ஒரு முணுமுணுப்பாகத்தான் வரும். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்று இருக்கிறது. வெயில் அங்கே உள்ள காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடும். மேலே ஏறிப்போகும் மத்திய அலையை (சென்னையின் 720 இந்த வகைதான்) அந்த எலக்ட்ரான்கள் தின்றுவிடும். வெயில் குறைந்தால் அவை சீக்கிரமே பிரிந்த இடத்துக்கே திரும்பி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அலை அதற்கும் மேலே உள்ள இ அடுக்கில் பட்டு நம்மிடம் இறங்கும். தினமும் ராத்திரி நடக்கிற இதே சங்கதி, கிரகணத்தில் காலை ஒன்பதரைக்கு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேகம் மறைத்தாலும் ரேடியோவுக்குக் கவலையில்லை என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன்.

ஏழரைக்கு ரேடியோவைப் போட்டால் "டர்ர்ர்" என்று ஒரே இழுப்பு. சென்னையும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்தோம். டர்ர் அடங்குகிற பக்கம் சென்னையும் சேர்ந்து அடங்கியது. கீழே போய்ப் பார்த்தால் தையல் மெஷின் மோட்டார். அதற்குள் கார்பன் பிரஷ் உரசும்போது பொறி பறக்கும். அந்தப் பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ நிலையம்.

தை மாதக் கல்யாண ஜாக்கெட்டுகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. மூன்று மணி நேரம் மெஷினை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? தயங்கித் தயங்கி விஷயத்தை மட்டும் சொன்னேன். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"ராத்திரியானா எங்கெங்கயோ இருக்கற ஸ்டேஷன்லாம் எடுக்குமே, அதுவா சார்?"

அதுவேதான் என்றேன். 15 வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

அவர் மெஷினை நிறுத்தவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். மோட்டாரின் சின்ன பெல்ட்டை விரலால் நெம்பி எடுத்தார். மேஜை டிராயரின் அடியிலிருந்து ஒரு பழைய தோல் பெல்ட் வந்தது. காய்ந்து விறைத்துப்போயிருந்தது. எண்ணெய்க் குப்பியைச் சாய்த்து இரண்டு சொட்டு தடவி, கம்பிக் கொக்கியைப் பல்லால் கடித்து இறுக்கி, கீழ்ச் சக்கரத்தில் மாட்டினார். "காலு மறந்திருக்காது" என்று மிதிக்கத் தொடங்கினார். 8 மணியிலிருந்து 11.15 வரை அப்படியே மிதித்தார். முழங்கால் வலி உள்ளவர் என்பது மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது.

(இன்னொரு உதவியையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிரகணம் முடிகிற வரை சமைக்கக்கூடாதென்று தெருவில் யாரும் மிக்ஸி போடவில்லை. அதை எதிர்த்து நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்! நேற்று ஒரு நாள் வாயைத் திறக்கவில்லை.)

நிலா சூரியனின் நடுவை மறைத்து, விளிம்பு மட்டும் வளையமாகத் தெரிந்தது இங்கே ஒன்பதரையை ஒட்டி. பிள்ளைகள் கண்ணாடியோடு மாறி மாறி வெளியே ஓடினார்கள். காதொலிப்பானோடு உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் கையைத் தூக்கினாள். இந்த மாதிரி ரேடியோவில் சத்தம் ரொம்ப அதிகமாகிவிடாது, இரைச்சல்தான் விலகும். அதுவரை பேசுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. இப்போது பாட்டின் தாளம் தனியாகப் பிரிந்து கேட்டது. வளையம் கலைந்து சில நிமிடம் கழித்துத்தான் அது இன்னும் தெளிந்தது. எலக்ட்ரான்கள் திரும்பி ஒட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா. அப்புறம் மெல்ல மெல்ல இரைச்சல் வந்து மூடிக்கொண்டது.

இன்னொன்று. அந்த அலை பட்டுத் திரும்பியது எங்கள் தலைக்கு மேலே அல்ல. சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் பாதி வழியில், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து வானத்தில். அங்கே முழு வளையம்கூட இல்லை. கங்கண (வளைய) கிரகணம் என்பதால் விளிம்பின் வெளிச்சம் எங்கேயும் மிச்சம் இருந்தது. சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற வெளி மண்டலத்தின் எக்ஸ் கதிரையும் நிலாவால் முழுதாக மறைக்க முடியாது. அதனால் முழு ராத்திரி ஆகவில்லை, அந்தி மாதிரி ஏதோ ஒன்று. 300 கிலோமீட்டர் உயரத்து எஃப் அடுக்கு இதைவிட நிதானம். அங்கே எலக்ட்ரான்களுக்கு ஆயுசு அதிகம். போதாததற்குப் பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போவதால், இந்தப் பக்கத்தில் அவை மேலே தூக்கி எறியவும்படும். அதையெல்லாம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் உள்ள ஆய்வகம் மாதிரி இடங்களில்தான் அளக்க முடியும். 2010 ஜனவரி 15 கிரகணத்துக்குக் கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டே விட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு பாக்கெட் ரேடியோவும் ஒரு தோல் பெல்ட்டும்.

2020 ஜூன் 21 கிரகணம் நமக்கு ஓரளவுதான் தெரியும். ஆனாலும் கேட்போம். 2031 மே 21 கங்கண கிரகணம் மதுரை வழியாகப் போகிறது. அன்றைக்கு இந்த 9 பேரும் எங்கெங்கே இருப்பார்களோ, நான் ரேடியோவோடு மதுரையில் இருப்பேன்.

அக்கா தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். காசும் வாங்கவில்லை. மிதித்துத் தைத்ததில் 4 ஜாக்கெட் பின்தங்கிவிட்டதாம். நாளை சனிக்கிழமை பிள்ளைகள் போய் உட்கார்கிறார்கள். கொக்கி வைக்கிற வேலையை மட்டும்தான் அவர்களை நம்பிக் கொடுத்திருக்கிறார்.