கேரவனில் ஊர் சுற்றும் தமிழ்க் குடும்பங்களுக்கு

அன்புள்ள குடும்பங்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. உங்களில் பலர் இந்நேரம் கேரவன் வாடகைக்குப் பேசிவிட்டு, எங்கே நிறுத்தலாம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். போன மாதம் நாங்களும் கிள்ளானிலிருந்து கிளம்பி, பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்கு நடுவில் உள்ள ஒரு தங்குமிடத்தில் இரண்டு இரவு தங்கினோம். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

இடம் நல்ல இடம். தரை சமம், கரண்ட் உண்டு, குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தது. கட்டிலும் அடுப்பும் கூடவே வருவதே பிள்ளைகளுக்குத் திருவிழாதான். மலாயில் சிப்புட் என்றால் நத்தை என்று சொன்னதும், “நாமளும் வீட்டைத் தூக்கிக்கிட்டுத்தானே வந்திருக்கோம்” என்றான் சின்னவன்.

அங்கே நின்ற ஐந்து கேரவன்களில் நான்கு நம் தமிழ்க் குடும்பங்களுடையவை. வெள்ளி மாலையிலிருந்து யாரும் வேலியைத் தாண்டவில்லை. நாங்களும்தான். ஐஸ் பெட்டி நிறையக் கிள்ளானிலேயே சாமான் வாங்கி வந்திருந்தோம், வெளியே போக என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

என் அம்மா அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் 22 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். சனிக்கிழமை விடியுமுன்னே எழுந்து கேரவன் படியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க மழை. “இன்னைக்கு வெட்டு இல்லை” என்றார், தனக்குத்தானே. மரம் நனைந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அவர் வேலையை விட்டு முப்பது வருடமாகிறது.

வெளிச்சம் வந்ததும் வேலி ஓரம் நடந்தார். அங்கே செம்பனைக்குத் தப்பி ஒரே ஒரு பால்மரம் நிற்கிறது. பட்டையில் பழைய வெட்டுத் தழும்பு, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகிறது. அம்மா அதன் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார். விரல் நின்ற இடத்தில், மரத்தடி மண்ணுக்குள் பாதி புதைந்து, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்று கிடந்தது. தோண்டி எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மூத்தவள் கையில் கொடுத்தார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அவளுக்கு நான் எதையுமே சொன்னதில்லை.

அப்புறம் எல்லோரும் டவுனுக்குப் போனோம். ஒட்டுக்கடையில் தோசையும், தே தாரே என்னும் இழுத்து ஆற்றிய டீயும். அம்மா பேச ஆரம்பித்ததும் பக்கத்து மேசைப் பெரியவரும் சேர்ந்துகொண்டார். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்குள்ள எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்துத்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களை நடுத்தெருவில் விட்ட காலத்தில், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்க 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் தாத்தா கூலியில் பத்துப் பத்து வெள்ளியாக எடுத்து வைத்து அதில் பங்கு வாங்கியவர். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியையும் பார்த்தோம். கோலகங்சார் பக்கம்தான், அங்கே 1877-இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் இருக்கிறது. நேரமில்லாமல் திரும்பிவிட்டோம், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கேரவனின் கழிவுநீர்க் குழாய் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர், பருக்கைச் சோற்றோடு, வேலிக்கு அடியில் இருந்த கால்வாயில் இறங்கியது. அந்தக் கால்வாய் போவது பள்ளத்திலிருக்கும் பழைய லயத்து வீடுகளின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின் பக்கம். அங்கே ஒரு பாட்டி கீரைப் பாத்தி போட்டிருக்கிறார், நான் பார்த்தேன். குழாயடியில் ஒரு வாளி வைத்து, நிறைந்ததும் கழிவு ஊற்றும் இடத்தில் கொண்டுபோய் ஊற்றினால் போதும். கழிவறைப் பெட்டியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அந்த லயங்களில் இருப்பவர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேரின் தாத்தா பாட்டி அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்கள்தான்.

அதனால் கேட்கிறேன். அரிசி, பருப்பு, கோழி எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வராதீர்கள், அங்குள்ள சாமான் கடையில் வாங்குங்கள். வீட்டில் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், கேரவனில் படுக்கை போதாது என்று விட்டுவிட்டு வராதீர்கள், எப்படியாவது கூட்டி வாருங்கள். விடியற்காலையில் அவரோடு எழுந்து, பிள்ளைகளையும் எழுப்பி, வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் நடங்கள்.

அந்த மங்கு இப்போது மூத்தவளின் படிப்பு மேசையில் இருக்கிறது. பேனா போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த விடுமுறைக்குக் கோலகங்சார் போகலாம் என்று அவளேதான் கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை