நமது மன்றத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கொடியேற்றம், பள்ளி மாணவர்களுக்கான ஓவியப் போட்டி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு கூடியது, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் தள்ளிவைத்த கூட்டங்களும் உண்டு.

இந்த ஆண்டின் பெரிய வேலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவை (செனட்) கூடுவதற்கென்று கட்டிய செனட் இல்லத்தைப் பார்க்கும் நடைப் பயணமும் அதற்கான தமிழ்க் கையேடும். "ஒரு கட்டடத்துக்கு ஒரு வருஷமா?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு விவரமாகவே பதில் சொல்கிறேன்.

மாநிலக் கல்லூரிக்கும் செனட் இல்லத்துக்கும் வரைபடம் கேட்டு அரசு போட்டி வைத்தது 1864இல். வென்றவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். ஒரே ஆள் வரைந்தும், ஒன்றைப்போல் மற்றது இல்லை. 1870இல் எழுந்த கல்லூரியில் இத்தாலியச் சாயல் தூக்கல். 1874இல் தொடங்கி 1879இல் முடிந்த செனட் இல்லத்திலோ நான்கு மூலைகளிலும் குமிழ்மாடக் கோபுரங்கள், பைசாந்தியச் சாயல் (பழைய கிழக்கு ரோமானியப் பேரரசின் கட்டடப் பாணி), நம் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் கல்தூண்கள். இரண்டுக்கும் நடுவே ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்காக அதில் சேர்ப்பு வேலைகள் செய்தவரும் சிஷோம்தான். அந்த அரண்மனைதான் அவரை மாற்றியது என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் நடையைக் கல்லூரி வாசலில் தொடங்கி, அரண்மனையைக் கடந்து வடக்கே போகும்படி அமைத்தேன். படத்தில் பார்த்தால் இந்த மாற்றம் புரியாது, நடந்தால்தான் புரியும்.

உள்ளே இருக்கும் பெரிய மண்டபம் 130 அடி நீளம், 54 அடி உயரம். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியதும் இங்கேதான். கடற்கரைக்குப் போகிற வழியில் தினமும் இதைக் கடக்கும் நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி நடந்த சீரமைப்பு பற்றியும் கையேட்டில் எழுதியிருக்கிறேன். கூடவே சுண்ணாம்புக் காரை பற்றி ஒரு பக்கம். சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். நம் தெருவில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தையாவது படிக்க வேண்டும்.

நடைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஞாயிறு காலை ஆறு மணி சிரமம் என்றார்கள். சரி, ஆனால் எட்டு மணி வெயிலில் காமராஜர் சாலையில் நின்று பாருங்கள். பக்கத்துப் பேட்டைப் பிள்ளைகள் நேரத்துக்கு வந்து நின்றார்கள், கேள்வியும் கேட்டார்கள்.

கணக்கைப் பொருளாளர் தணிக்கை செய்து வைத்திருக்கிறார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. காரணம் கையேடு அல்ல, நிலுவைச் சந்தா. இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தாதவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டால் "அப்புறம் தர்றேன்" என்பதே பதில்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணிக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றக் கட்டடத்தை எடுத்துக்கொள்ள விருப்பம். முதல் கையேட்டின் கையெழுத்துப் படி தயாராக இருக்கிறது, அச்சகத்துக்கு முன்பணம்தான் கட்டவில்லை. நிலுவைச் சந்தா வந்தாலே அதற்குப் போதும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் அங்கேயே இருப்பார்.