பூக்காரம்மாவை மாற்றினால் போதுமா?

மதுரையில் வீடியோ கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்கள் இரண்டாவது டெமோவையும் ஆடி முடித்தேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் விடியற்காலைக் கூச்சல் அசலாக இருக்கிறது. என் மனக்குறை அங்கே வரும் பூக்காரம்மா பாத்திரத்தைப் பற்றி.

முதல் டெமோவில் அவர் கந்துவட்டிக்காரருக்கு ஆள் காட்டிக் கொடுப்பவர். அதனால், "ஒங்கண்ணன் எங்கப்பா இருக்கான்?" என்று அவர் கேட்டபோது உண்மையைச் சொல்வதா, மழுப்புவதா என்று விரல் தயங்கியது. இப்போது அவரை நல்லவராக்கிவிட்டீர்கள். சரி, ஆக்கலாம். ஆனால் அதே கேள்வியும் அதே இரண்டு பதில்களும் அப்படியே நிற்கின்றன. எதைச் சொன்னாலும் கால் கிலோ உதிரி மல்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அப்புறம் நான் எதற்கு யோசிக்க வேண்டும்? போதாக்குறைக்கு டீக்கடைக்காரர் இன்னமும், "அந்தம்மாகிட்ட வாயக் குடுக்காத" என்று எச்சரிக்கிறார்!

பாத்திரத்தைத் திருத்துவது குற்றமில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' என்ற வீடியோ கேம் 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு, வந்தபோது, ஆடுபவரோடு கூடவே வரும் வில் என்ற துணைவர் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களைப் பழிவாங்கத் துடிப்பவர். 2023 ஆகஸ்டில் முழு கேம் வந்தபோது ஆளே வேறு, குரல் கொடுத்தவரும் வேறு. மற்ற துணைவர்களைவிட அவர் கதை மெலிந்துவிட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் கார்லக் என்ற இன்னொரு பாத்திரத்தைக் கொல்ல மறுத்தால் வில்லின் தலையில் கொம்பு முளைக்கிறது. புது வில்லுக்கென்றே யோசித்த விளைவு அது. கடைசிவரை அந்தக் கொம்போடுதான் திரிகிறார்.

நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி வேடம் கட்டுபவர் ஓர் ஊர்க்காரர், நாரதர் வேடம் கட்டுபவர் வேறோர் ஊர்க்காரர். ஒத்திகை கிடையாது. ஆனாலும் மேடையில் அவர்கள் செய்யும் தர்க்கம் விடிய விடியக் களைகட்டும், எதிரே நிற்பவர் யார் என்று இருவருக்கும் தெரிவதால். உங்கள் டீக்கடைக்காரருக்குப் பூக்காரம்மா மாறிய சேதியே போய்ச் சேரவில்லை.

ஒருவரை மாற்றினால், அவர் பெயர் வரும் வசனங்களையெல்லாம் தேடிப் பாருங்கள். குரல் பதிவுக்கு முன்பே பார்த்தால் செலவும் மிச்சம். நேரமில்லையென்றால் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. எனக்கென்னவோ அவர் நல்லவராகவே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் மகனும் அதே வட்டிக்காரரிடம் கடன்பட்டிருக்கட்டும். கேள்விக்கு மறுபடி பல் முளைத்துவிடும்.

மூன்றாவது டெமோ எப்போது?

அன்புடன்,
புதூரிலிருந்து ஒரு கேம் பிரியன்