அங்கே யார் இருக்கா உனக்கு

சுவான்சோ,
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஆயாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சீனாவின் சியாமென், பிறகு அரைமணி நேர ரயில். ஸ்டேஷன் வாசலில் அம்மாவும் அப்பாவும் நின்றிருந்தார்கள். அப்பாவுக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. அம்மா இளைத்திருக்கிறாள், ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வாட்ஸ்அப் இங்கே எடுக்காது. இங்கே எல்லாரும் வைத்திருக்கும் வீசாட்டை 2020-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். எப்படியோ லைன் கிடைத்தாலும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமாவை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்.

3 வருஷத்துக்கு முன்னால் அம்மா பெட்டியோடு கிளம்பியபோது நீ வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "அங்க யாருடி இருக்கா உனக்கு?" என்று கேட்டாய். அம்மா ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினாள். அந்தக் கேள்வி எனக்கும் இத்தனை நாள் தொண்டையிலேயே நின்றது.

இந்த ஊர் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. டிக்கெட் போட்ட பையன்கூட குவாங்சோ என்று நினைத்து வேறு ஊருக்குப் போடப் பார்த்தான். இது சுவான்சோ, ஃபூஜியன் மாகாணத்தில் கடலோரம். அப்பாவின் வேலை பக்கத்து ஜின்ஜியாங்கில். ஆம்பூரில் தோல் ஷூ எப்படியோ, ஜின்ஜியாங்கில் விளையாட்டு ஷூ அப்படி. தெருவுக்குத் தெரு சோல், லேஸ், பசை விற்கிற கடைதான். வாங்குகிற கம்பெனிக்காக அப்பா சரக்கைச் சோதித்து அனுப்புகிறார். ஷூவை இரண்டு கையாலும் வளைத்து, சோல் ஒட்டிய இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்கிறார். நம் ஊரில் பார்த்த அதே கை.

முதல் வருஷம் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் ஆயா. உன்னிடம் அதை மறைத்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்கு வீடு தரமாட்டோம் என்று, பேசி முடித்த வீட்டையே ஒருவர் கடைசி நேரத்தில் இல்லை என்றுவிட்டாராம். பெட்டியோடு 12 நாள் லாட்ஜில் இருந்திருக்கிறார்கள். மொழி தெரியாமல், வெளியே போக பயந்து, அம்மா அந்த அறையிலேயே அழுதுகொண்டு இருந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது இப்போதும் அவள் குரல் இறங்குகிறது.

இப்போது இருக்கிற வீடு 4-வது மாடி. எதிர் வீட்டில் ஒரு அம்மாள், உன்னைவிட 10 வயது குறைவாக இருக்கும். காலையில் அவர்கள் வீட்டிலும் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள ஊறுகாய். அம்மா கஞ்சி குடிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு கிண்ணம் வேர்க்கடலைப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாராம். கடலை முழுசாக இருக்கும், வாயில் வைத்தால் கரைந்துவிடும். அதிலிருந்து கிண்ணம் அங்கும் இங்கும் போய் வருகிறது. காலியாகப் போவதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் எங்களை சுன்பூ என்கிற மீனவர் ஊருக்குக் கூட்டிப் போனார். பழைய வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓடு பதித்துக் கட்டியது. அந்த ஊர்ப் பெண்கள் பின்கொண்டையில் ஒரு நீளக் குச்சியைச் செருகி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் வைக்கிறார்கள். கிழவிகள்கூட! சிப்பி உடைக்க உட்கார்ந்திருக்கிற பாட்டி தலையிலும் பூ. "இந்தப் பிறவியில் பூ வைத்தால் அடுத்த பிறவியில் அழகாய்ப் பிறப்பாய்" என்று ஒரு பேச்சு இருக்கிறதாம்.

ஒரு பாட்டி அம்மாவைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்துவிட்டார். விரலெல்லாம் சிப்பி கிழித்த தழும்பு. அந்த விரலால் அம்மா தலையை அவ்வளவு மெதுவாகச் சீவினார். கொண்டை போட்டு, முதல் சுற்று மல்லிகை மொட்டு, அதற்கு மேல் ஏதோ மஞ்சள் பூ. கடைசியாக உள்ளங்கையால் பூவை ஒரு அமுக்கு அமுக்கினார், நீ செய்வாயே, அதேபோல். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு தலையில் பூ வைத்தது அன்றைக்குத்தானாம்.

இன்னொன்றும் கேள். உன் கொல்லையில் நிற்கிற கல்யாண முருங்கைதான் இந்த ஊர் மரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மதிலைச் சுற்றி அதைத்தான் நட்டார்களாம். அதன் பேரே அப்போது ஊருக்கும் பேர். இப்போது சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. சளிக்கு நீ அடை சுட்டுத் தருவாயே, அந்த இலையை இங்கே பார்த்ததும் அம்மா மரத்தடியிலேயே நின்றுவிட்டாளாம்.

அப்புறம் காய்யுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில், இரண்டு பெரிய கல் கோபுரங்கள் இருக்கின்றன. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனால் இரண்டு கல் தூண். அதில் உரலோடு கட்டின கண்ணன், நரசிம்மர்! அந்தக் காலத்தில் இங்கே கடை வைத்திருந்த நம்மவர்கள் கட்டிய கோயிலின் தூண்கள். அந்தக் கோயில் அழிந்த பிறகு இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். 1281 சித்திரை மாதத்தில் சம்பந்தப் பெருமாள் என்பவர் இந்த ஊரில் சிவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழில் வெட்டின கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. தமிழுக்குக் கீழே ஒரு வரி சீன எழுத்து. அந்தக் கல் இப்போது சியாமெனில் இருக்கிறது, திரும்பும்போது பார்க்கப் போகிறேன்.

அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தூணுக்கு வருகிறாள். விளக்கு ஏற்ற முடியாது. கண்ணன் இருக்கிற பக்கமாக நின்று கும்பிட்டுவிட்டு, எதிரே ஆலமரத்தடியில் சற்று நேரம் உட்காருவாள். இன்று நானும் கூட உட்கார்ந்தேன். "ஆயா கேட்டதுக்கு என்ன எழுதட்டும்?" என்றேன். "நீ பார்த்ததை எழுது" என்றாள்.

பார்த்ததை எழுதிவிட்டேன். இங்கே மணி எட்டு. அங்கே ஐந்தரை, நீ விளக்கு வைக்கப் போயிருப்பாய். புளியும் மிளகாய்த்தூளும் ஆன்லைனில் வருகிறது, கறிவேப்பிலைதான் கிடைப்பதில்லை. நான் 20 நாளில் திரும்புகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் படுக்கக் கூடாது என்று அம்மா மூன்று தடவை எழுதச் சொன்னாள், அப்பாவும் சொன்னார்.

உன் பேத்தி