அந்தந்த நாட்டுச் செய்தியாளரின் குரலில்

ஆசிரியருக்கு,

உலகத் தொலைக்காட்சிச் செய்திகளின் வரலாறு என்றதும் 1991 வளைகுடாப் போரின்போது பாக்தாதிலிருந்து சிஎன்என் வழங்கிய நேரலையையே பலரும் குறிப்பிடுகிறார்கள்; அதற்கு மூன்றாண்டுகளுக்கும் முன்பே, 1987 அக்டோபரில், டெட் டர்னரின் அதே நிறுவனம் அட்லாண்டாவிலிருந்து தொடங்கிய ‘வேர்ல்ட் ரிப்போர்ட்’ நிகழ்ச்சியைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பிற நாட்டு நிலையங்கள் தாமே தயாரித்து அனுப்பிய செய்தித் தொகுப்புகளை வெட்டாமல், திருத்தாமல் அப்படியே ஒளிபரப்புவதுதான் அதன் விதியாக இருந்தது. தொகுப்பு அனுப்பிய நிலையம், மற்றவர்கள் அனுப்பியவற்றைத் தன் நாட்டில் பயன்படுத்திக்கொள்ளவும் முடிந்தது. வளரும் நாடுகளைப் பற்றிய செய்திகளை ஒரு சில மேற்கத்திய நிறுவனங்களே தீர்மானிக்கின்றன என்ற குறை, யுனெஸ்கோவுக்காகத் தயாரிக்கப்பட்டு 1980இல் வெளியான மக்பிரைடு குழுவின் அறிக்கையிலேயே விவாதிக்கப்பட்டிருந்தது. அதற்கு நடைமுறையில் விடை தேடிய முயற்சியாகவே இந்நிகழ்ச்சியைக் கருதுகிறேன். பங்களித்தவற்றுள் பல அரசு நிலையங்கள் என்பதால் அரசுகளின் பார்வையும் திருத்தமின்றி வெளிவந்தது என்னும் விமர்சனம் நியாயமானதே. ஆயினும், ஒரு நாட்டின் செய்தியை அந்நாட்டுச் செய்தியாளரே உலகுக்குச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு அதைவிடப் பெரிது. இந்நிகழ்ச்சியைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்