தட்டைத் திருப்பிப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ராக் இசைக்குழுக்களின் பி-சைடு பாடல்கள், வெளிவராத ஒலிப்பதிவுகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் இரண்டையும் ‘கழித்துப் போட்டவை’ என்று ஒரே கூடையில் அள்ளிப் போட்டதை ஏற்க முடியவில்லை. பி-சைடு, குழுவே வெளியிட்டு, காசு கொடுத்து நாம் வாங்கிய பாட்டு. சிங்கிள் என்பது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு, அதன் பின்பக்கம்தான் பி-சைடு. முன்பக்கம் ரேடியோவுக்கானது, அதில் கம்பெனிக்கு ஒரு கண் இருக்கும். பின்பக்கத்தை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. இஷ்டத்துக்கு விளையாட இடம் கிடைத்தது அங்கேதான்.

1966-ல் பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ தட்டின் மறுபக்கத்தில் வந்தது ‘ரெயின்’. வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிந்துவிட்டு, டேப்பை மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். டிரம்ஸில் ஈரமண்ணில் நடக்கிற மாதிரி ஒரு கனம் வந்துவிடுகிறது. கடைசியில் லெனனின் குரல் பின்னோக்கி ஓடுகிறது. கழித்துப் போட்ட சரக்கா இது?

பணவிஷயத்திலும் பின்பக்கம் இளைத்ததில்லை. 1975-ல் குவீனின் ‘போஹீமியன் ராப்ஸடி’ தட்டின் மறுபக்கத்தில் இருந்தது டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய கார் பாட்டு. தட்டு விற்க விற்க அவருக்கும், முன்பக்கப் பாட்டை எழுதிய பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்குச் சமமாக ராயல்டி. (முன்பக்கம் இழுத்துக்கொண்டு ஓட, இவர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார் என்று நான் கேலி செய்வதுண்டு.)

கட்டுரை ஒரு வரியில் கடந்துபோன ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பற்றி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்துக்காக ஸ்டீவி நிக்ஸ் எழுதியது. எல்.பி.யின், அதாவது முழு ஆல்பத் தட்டின், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நன்றாக அடங்கும். பாட்டு நீளம் என்று தூக்கிவிட்டு, ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளின் பின்பக்கத்தில் வைத்தார்கள். அதில்தான் வேடிக்கை. முன்பக்கத்தில் அதே குழுவின் கிட்டாரிஸ்ட் லிண்ட்சி பக்கிங்ஹாம், பிரிந்த காதலி நிக்ஸைப் பார்த்து ‘உன் வழியில் போ’ என்கிறார். தட்டைத் திருப்பினால் அதே காதலி, என் குரலிடமிருந்து நீ தப்பவே முடியாது என்கிறார். ஒரே தட்டில் கேள்வியும் பதிலும்! 1997-ல் ‘தி டான்ஸ்’ நிகழ்ச்சியில் இந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை நிக்ஸ், பக்கிங்ஹாமின் முகத்துக்கு நேராகத் திரும்பிப் பாடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வெளிவராத டேக்குகளின், அதாவது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்து பார்த்த முயற்சிகளின், கதை வேறு. அவற்றை நான் பாட்டாகக் கேட்பதில்லை, பாட்டு உருவாவதை ஒட்டுக்கேட்கிறேன். 1996-ல் பீட்டில்ஸின் ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் வந்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ முதல் டேக், பல்லவி இல்லாமல் நேராகச் சரணத்தில் தொடங்குகிறது. ஒரு மனிதர் தனக்குத்தானே முணுமுணுப்பது போல. நாம் அறிந்த வடிவம், வேகமும் சுருதியும் ஒத்துப்போகாத 7-ஆம், 26-ஆம் டேக்குகளை ஒட்டியது. ஹெட்ஃபோனில் முதல் நிமிடம் முடியும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், தையல் தெரியும். முதல் டேக்கைக் கேட்ட பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது.

அதற்காகக் கிடைத்ததையெல்லாம் கொட்டினால் தாங்காது. 2019-ல் ரேடியோஹெட் குழுவின் வெளிவராத மினிடிஸ்க் (சிறிய பதிவு வட்டு) பதிவுகள் கசிந்தபோது, குழுவே சுமார் 18 மணி நேரத்தையும் அப்படியே வெளியிட்டது. ரொம்ப ரொம்ப நீளம் என்று கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட்டே எச்சரித்திருந்தார். நான் மூன்றாவது மணியில் கழன்றுகொண்டேன்.

ஆனால் அதே குழுவின் ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ 1995-லேயே மேடையேறியது. ஸ்டூடியோ வடிவம் வந்தது 2016-ல், பியானோவோடு, மிகத் தளர்ந்த நடையில். அதுதான் முழுமையான வடிவம் என்று பலரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். தனி கிட்டாரோடு அவசரமாக, கொஞ்சம் கரகரப்பாக ஒலிக்கும் பழைய மேடைப் பதிவைத்தான் நேற்றிரவும் போட்டுக் கேட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்