அந்தச் சின்ன மாத்திரையை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய் மாத்திரைகளைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் கூடவே கொடுக்கும் பி6 வைட்டமின் மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் தம்பி ‘சத்து மாத்திரைதானே’ என்று ஒதுக்கியதும் அதைத்தான்.

அவனுக்குச் சர்க்கரை உண்டு. காசநோய் சிகிச்சையின் மூன்றாம் மாதம் பாதம் எரிகிறது என்றான். சர்க்கரையால்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தான். மற்றது வாசலிலேயே கழன்று கிடந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் டாக்டரிடம் ஓடினோம்.

முப்பது வருடம் பிளஸ் டூ வேதியியல் நடத்தியவள் நான். பி6-ஐ விட்டதுதான் காரணம் என்று எனக்கே தோன்றாமல் போனதுதான் வேதனை. ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையத்தில் ஒரு கார்பனை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தால் அது பிரிடின். ஸ்காட்லாந்தின் தாமஸ் ஆண்டர்சன் 1849-இல் எலும்பு எண்ணெயிலிருந்து பிரித்த, நாற்றமடிக்கும் திரவம். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடிலும் அந்த வளையம்தான், பி6-லும் அதே வளையம்தான்.

ஐசோனியாசிடின் வளையத்தில் ஹைட்ரசைடு என்ற வால் தொங்குகிறது. பி6 உடலுக்குள் ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மமாக மாறி வேலை செய்கிறது. ஆய்வகத்தில் ஆல்டிஹைடோடு டைநைட்ரோபினைல் ஹைட்ரசினைச் சேர்த்தால் ஆரஞ்சு நிறத்தில் வீழ்படிவு வருமே, கிட்டத்தட்ட அதே வினை உடம்புக்குள் நடக்கிறது. ஐசோனியாசிடும் பி6-உம் ஒட்டிக்கொண்டு சிறுநீரில் போய்விடும். பி6 குறையக் குறைய நரம்பு தவிக்கும். முதலில் கால் மதமதப்பு, பிறகு ஊசி குத்துவது போன்ற எரிச்சல். சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், உடல் மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். தடுக்க வழக்கமாகத் தருவது தினம் 10 மில்லிகிராம் பி6, அவ்வளவுதான்.

அதற்காக யாரும் ஐசோனியாசிடை நிறுத்திவிடக் கூடாது. 1912-இல் பிராகில் தயாரிக்கப்பட்டு, நாற்பது வருடம் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த மருந்து அது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் இதையும் பாஸ் (PAS) என்ற இன்னொரு காசநோய் மருந்தையும் கொடுத்துத்தான், வீட்டில் இருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டினார்கள். பி6-ஐயும் டாக்டரைக் கேட்காமல் கூட்டிக்கொள்ள வேண்டாம். அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

டாக்டர் பி6 அளவைக் கூட்டிக் கொடுத்தார். தம்பிக்கு எரிச்சல் அடங்க இரண்டு மாதம் ஆனது. இடது சுண்டுவிரலில் மட்டும் இன்னும் மதமதப்பு இருக்கிறது. அடுத்த முறை காசநோய் பற்றி எழுதும்போது, மாத்திரைப் பட்டியலில் பி6-ஐயும், கால் எரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.